ரொம்ப வருஷம் கழிச்சு தியேட்டருக்குப் போறவங்களுக்கு, அப்படியே நல்ல படத்தை நாலு பேருக்கு எப்படிச் சொல்றதுன்னும்

எங்க அம்மா கடைசியா தியேட்டர்ல படம் பாத்தது 2019 டிசம்பர். 2020 மார்ச்ல தியேட்டர் எல்லாம் மூடினாங்க, நவம்பர்ல பாதி சீட்டோட தொறந்தாங்க, 2021 ஏப்ரல்ல திரும்ப மூடி ஆகஸ்ட்ல திரும்பத் தொறந்து நவம்பர்ல முழு சீட்டும் விட்டாங்க, அதுக்குள்ள வீட்டுக்கு பெரிய டிவி வந்துருச்சு, அம்மாவுக்கு முட்டி வலியும் வந்துருச்சு, "அதான் ஒரு மாசத்துல போன்லயே வந்துருதே" அப்படின்னு சொல்லிச் சொல்லியே அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. வெள்ளிக்கிழமை ஆனா பக்கத்து வீட்டு அக்காவ கூட்டிட்டு மேட்னி போனவங்க அவங்க. 2025 மே மாசம் தான் திரும்பக் கூட்டிட்டுப் போனேன். அப்ப நான் கத்துக்கிட்டதையும் அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு தடவையாவது போயிட்டு வந்ததுல தெரிஞ்சதையும் தான் எழுதுறேன். நான் இருக்கறது தாம்பரம் பக்கம், அதனால சென்னை கணக்குல தான் சொல்றேன், மத்த ஊர்க்காரங்க கொஞ்சம் மாத்திக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். திரும்பப் போற முதல் தடவை பெரிய ஹீரோ படத்தோட முதல் நாளுக்குப் போகாதீங்க. நமக்கு வெறி இருந்தா வேற விஷயம், அந்த காலை 9 மணி ஷோவோட சத்தம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும் (2023 ஜனவரில ஒரு ரசிகப் பையன் லாரி மேலருந்து விழுந்து செத்ததுக்கப்புறம் தமிழ்நாட்டுல நடுராத்திரி ஒரு மணி, விடிகாலை நாலு மணி ஷோவெல்லாம் கிடையாது, 9 மணி தான் ஆரம்பம்). ஆனா அஞ்சு வருஷம் வீட்டுல அமைதியா சவுண்டக் கொறச்சு வச்சுப் பாத்துப் பழகினவங்களுக்கு அந்த விசிலும் பேப்பரும் ஒரு வசனமும் கேக்க விடாது, வெளிய வந்து "இதுக்குத்தான் நான் வர்றதே இல்ல"ன்னு சொல்லிட்டு இன்னும் அஞ்சு வருஷம் வரமாட்டாங்க. புதனோ வியாழனோ மேட்னிக்குப் போங்க. கூட்டம் அரங்கத்துல பாதி இருக்கும், சிரிக்கிற எடத்துல சிரிக்க ஆள் இருக்கும், பார்க்கிங் இருக்கும். காலியான தியேட்டரும் நல்லா இருக்காது, காமெடி படத்தை ஏழு பேரோட உக்காந்து பாத்தா வீட்டுல பாக்குற மாதிரியே தான் இருக்கும். புக்கிங் ஆப்ல சீட் மேப்பத் தொறந்து பாத்தா எவ்வளவு நிரம்பியிருக்குன்னு தெரியும்ல, பாதி நிரம்பின ஷோவாப் பாத்து எடுங்க.

சீட்டு எங்க எடுக்கறது

இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல, கடைசி வரிசை காலியா இருந்தா டக்குன்னு எடுத்துடறாங்க. ஸ்கிரீன்லருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி, நடுவுல உள்ள சீட்டு தான் படத்துக்கும் சவுண்டுக்கும் சரியான எடம். கடைசி வரிசைல பின்னாடி ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்துல இருக்கும். முன்னாடி ரெண்டு மூணு வரிசை டிக்கெட் விலை கம்மி, காலேஜ் பசங்களுக்கு ஓகே, கழுத்து வலி இருக்கறவங்க பக்கமே போகாதீங்க.

வயசானவங்கள கூட்டிட்டுப் போனா கணக்கே வேற. அங்க நல்ல சீட்டுங்கறது நல்லா தெரியற சீட்டு இல்ல, கம்மியாப் படி ஏறுற சீட்டு. சில தியேட்டர்ல கதவு கீழ ஸ்கிரீன் பக்கம் இருக்கும், அங்கருந்து மேல ஏறணும், சிலதுல நடுவுல நுழையலாம், சிலதுல மேலருந்து இறங்கணும். சீட் மேப்ல இது தெரியாது. ஒரு தடவ போன் பண்ணி "வாசல் எந்த வரிசைக்குப் பக்கம், லிஃப்ட் இருக்கா"ன்னு கேட்டுக்கோங்க, சொல்லிடுவாங்க. வாசல் பக்கத்து வரிசைல ஓர சீட்டு எடுத்தா இன்டர்வெல்ல பாத்ரூம் போக யாரையும் எழுப்ப வேண்டாம், காலையும் நீட்டிக்கலாம். அம்மாவுக்கு முதல் தடவை நான் நடு சீட்டு எடுத்துட்டேன். பதினாலு படி, கைப்பிடி கிடையாது, இருட்டுல என் தோளப் பிடிச்சுக்கிட்டு ஏறினாங்க. அதுக்கப்புறம் எப்பவுமே ஓரம் தான்.

இன்னொண்ணு, போர்வை இல்லன்னா துப்பட்டா ஏதாவது எடுத்துட்டுப் போங்க, மத்தியான ஷோல ஆள் கம்மியா இருந்தா ஏசி நடுக்கிடும்.

காசு

டிக்கெட் சென்னை மல்டிபிளெக்ஸ்ல சாதா சீட்டு வரியெல்லாம் சேத்து 200 ரூபாக்குள்ள தான், ரிக்ளைனர், ஐமேக்ஸ் எல்லாம் அதுக்கு மேல. சிங்கிள் ஸ்கிரீன் இன்னும் கம்மி. 2025 செப்டம்பர் 22லருந்து 100 ரூபா வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. அப்ப நூறு ரூபாக்குள்ள டிக்கெட் விக்கிற தியேட்டர் உங்க பக்கத்துல இருந்தா அது இன்னும் லாபம். ஆப்ல புக் பண்ணினா ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியா ஒரு கட்டணம் போடுறாங்க, நாலு டிக்கெட் எடுத்தா அது ஒரு டீ காபி செலவு தாண்டிரும், நேரா கவுண்டர்ல போய் வாங்கினா அது இல்ல. வார நாள் மேட்னிக்கு ஹவுஸ்ஃபுல் பயம் இல்ல, கவுண்டர்லயே எடுங்க.

வலிக்கிறது டிக்கெட் இல்ல, பாப்கார்ன் தான். நாங்க நாலு பேர் ஒரு தடவ போனப்ப டிக்கெட்டுக்கு ஆனத விட இன்டர்வெல்ல அதிகம் ஆச்சு, அன்னிக்கு ராத்திரி அப்பா கணக்குப் பாத்துட்டுப் பேசவே இல்ல. இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, வெளிச் சாப்பாடு வேண்டாம்னு சொல்ல தியேட்டருக்கு உரிமை இருக்கு, ஆனா குடிக்கத் தண்ணி சும்மா குடுக்கணும், கைக்குழந்தைக்கான சாப்பாட்ட தடுக்கக் கூடாது. அதனால தண்ணி பாட்டில்ல காசு போடாதீங்க, "குடிதண்ணி எங்க இருக்கு"ன்னு கேளுங்க, காட்டித்தான் ஆகணும். சுகர் இருக்கறவங்க மாத்திரையோட கூட ரெண்டு பிஸ்கட் வச்சுக்கிட்டு வாசல்லயே சொல்லிடுங்க, எங்கள யாரும் தடுத்ததில்ல. மத்தபடி சாப்பிட்டுட்டுப் போயிடறது தான் எங்க வீட்டு வழி, மேட்னின்னா பன்னெண்டரைக்கே சாப்பாடு முடிஞ்சிரும்.

நைட் ஷோ போறவங்க வீடு திரும்புறதையும் சேத்து யோசிங்க. மெட்ரோ ராத்திரி 11 மணியோட நின்னுடும், பத்தரை மணி ஷோ முடிய ஒண்ணே கால் ஆகும், அந்த நேரத்துக்கு ஆட்டோ கேக்குற ரேட்டு டிக்கெட்ட விட அதிகம்.

குழந்தைகளோட போறவங்க சான்றிதழ கவனிச்சுப் பாருங்க. முன்னாடி யூ/ஏன்னு ஒண்ணே ஒண்ணு தான் இருந்துச்சு, 2024 கடைசிலருந்து அத யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ன்னு மூணாப் பிரிச்சுட்டாங்க. அது பெத்தவங்களுக்கான வழிகாட்டல் தான், ஆனா உண்மையிலேயே உதவுது, 16+ன்னு போட்டிருந்தா எட்டு வயசுப் பிள்ளைய கூட்டிட்டுப் போகாதீங்க. ஏ சர்டிஃபிகேட்டுக்கு பதினெட்டு வயசு ஆகாதவங்கள உள்ள விடக் கூடாது, மடில குழந்தைய வச்சுக்கிட்டுப் போய் வாசல்ல சண்டை போடுறத நான் ரெண்டு தடவ பாத்துட்டேன், அந்தக் குழந்தை தான் பாவம்.

உள்ள போனப்புறம் படம் இருட்டாத் தெரிஞ்சாலோ சவுண்டு கம்மியா இருந்தாலோ பேசாம உக்காந்திருக்காதீங்க. ஒரு தியேட்டர்ல முதல் பத்து நிமிஷம் யாரு பேசுறதும் கேக்கல, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, யாரும் எழுந்திரிக்கல. நான் வெளிய போய் அங்க நின்ன பையன்கிட்ட சொன்னேன், அவன் மைக்ல மேல சொன்னான், ரெண்டு நிமிஷத்துல ஏறிடுச்சு. அவ்வளவு தான் விஷயம். காசு குடுத்திருக்கோம், கேக்கலாம்.

இனிமே படம் எப்படித் தேர்ந்தெடுக்கறது. எனக்கு முக்கியம் இது தான், கொஞ்சம் நீளமா வரும்.

ஓடிடி வந்தப்புறம் தமிழ்ப் படம் பெரும்பாலும் நாலு வாரத்துல போனுக்கு வந்துருது. அதனால நாலு வாரம் பொறுத்துக்கலாம்னு நெனைக்கிறோம். பெரிய படத்துக்கு அதனால ஒண்ணும் ஆகாது, முதல் மூணு நாள் வசூலே அதக் காப்பாத்திடும். சின்னப் படத்தோட நிலைமை அப்படி இல்ல. வெள்ளி, சனி, ஞாயிறு பாத்துட்டு திங்கக்கிழமை ஷோவக் கொறச்சுடுவாங்க, அடுத்த வியாழனுக்குள்ள காலை பதினொண்ணு மணி ஷோ ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கும், அதுக்கு வேலைக்குப் போற யாராலயும் போக முடியாது. அப்புறம் ஓடிடில பாத்துட்டு "அய்யோ இத தியேட்டர்ல பாக்காம விட்டுட்டேனே"ன்னு ஸ்டேட்டஸ் போடுவோம். அதனால நல்ல படம் பாத்தா அன்னிக்கு ராத்திரியே சொல்லணும். அடுத்த வாரம் சொல்லி பிரயோஜனம் இல்ல, படம் அங்க இருக்காது.

2025 மே 1ம் தேதி சூர்யா நடிச்ச 'ரெட்ரோ' வந்துச்சு, அதே நாள்ல 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்துச்சு. டைரக்டர் அபிஷன் ஜீவிந்த்துக்கு அது முதல் படம், சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பொண்டாட்டி, பெரிய ஓப்பனிங் எதுவும் கிடையாது. பாத்தவங்க சொல்லிச் சொல்லியே தான் ஷோ கூடுச்சு. எனக்குச் சொன்னது ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு அக்கா, "உங்க அம்மாவ கூட்டிட்டுப் போ, இந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போகலன்னா வேற எதுக்கும் கூட்டிட்டுப் போகாத" அப்படின்னாங்க. இந்த மாதிரி சொன்னா தான் கால் நகரும். "படம் செமையா இருக்கு"ன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே மறந்திருப்பேன்.

ஆக, படம் சொல்றப்ப யாருக்குச் சொல்றோம்னு பாத்துச் சொல்லணும். நான் கடந்த ரெண்டு மூணு வருஷத்துல யாருக்கு எதச் சொன்னேன்னு எழுதுறேன், இதுல நெறைய படம் இப்ப ஓடிடில தான் இருக்கும், ஆனா இதுல எது உங்களுக்குப் பிடிக்குதோ அந்த டைரக்டரோட அடுத்த படம் தியேட்டருக்கு வர்றப்ப முதல் வாரமே போயிடுங்க, என் வழி அது தான்.

கிரிக்கெட் ஆடின, ஆடுற, ஆடணும்னு ஆசைப்படுற எல்லா ஆம்பளைங்களுக்கும் 'லப்பர் பந்து' (2024 செப்டம்பர், தமிழரசன் பச்சமுத்து). ஆனா நான் இத எங்க அத்தைக்குத் தான் முதல்ல சொன்னேன், ஏன்னா மேட்ச விட ஆடுறவங்க வீட்டுப் பொம்பளைங்க தான் படத்தோட நடு. அட்டகத்தி தினேஷ் மட்டையத் தூக்கிட்டு இறங்குறப்ப விஜயகாந்த் பாட்டு வரும், தியேட்டரே சேந்து பாடுச்சு, நாப்பது வயசு ஆளுங்க எழுந்து நின்னாங்க. டிவில அந்தப் பாட்டு வரும், ஆனா பக்கத்து சீட்டு ஆள் பாடமாட்டார்ல.

சொந்த ஊர விட்டு வந்து பல வருஷமா திரும்பப் போகாதவங்களுக்கு 'மெய்யழகன்'. கார்த்தி, அரவிந்த்சாமி, பெரும்பாலும் ஒரே ராத்திரி, ரெண்டு பேர் பேசிக்கிட்டே இருப்பாங்க. ரிலீஸ் ஆனப்புறம் நீளம்னு சொல்லி 18 நிமிஷத்துக்குக் கிட்ட வெட்டினாங்க. எனக்கு அந்த நீளமே பிடிச்சிருந்துச்சு. ஆனா சண்டை வேணும், வேகம் வேணும்னு கேக்குற தம்பிகிட்ட இத நான் சொல்லவே இல்ல, அவன் பாதில போன் எடுத்துடுவான், அப்புறம் படத்து மேலயும் கோவம், என் மேலயும் கோவம்.

அவனுக்குச் சொன்னது 'மகாராஜா', விஜய் சேதுபதியோட அம்பதாவது படம், நித்திலன் சுவாமிநாதன் எடுத்தது. இதுல ஒரு கஷ்டம், கதைய ஒரு வரி சொன்னாலும் கெட்டுப்போயிடும், ஆனா சொல்லாமலும் அனுப்ப முடியாது, ஒரு சின்னப் பொண்ணுக்கு நடக்குற கொடுமை அதுல இருக்கு. அப்ப என்ன பண்றது, கதைய விட்டுட்டு எச்சரிக்கைய மட்டும் சொல்லுங்க. "திரும்பத் திரும்ப முன்னாடி பின்னாடி போகும், கவனமாப் பாரு, அக்காவோட போகாத, அவளால தாங்க முடியாது"ன்னு சொன்னேன். இது ஸ்பாய்லர் இல்ல, இது அக்கறை.

சவுண்டுக்காகவே தியேட்டர் போகணும்னா ரெண்டு படம் சொல்லுவேன். ஒண்ணு மலையாளம், 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 2006ல கொடைக்கானல் குணா குகைல நெசமா நடந்தது, தமிழ்நாட்டுல மலையாளப் படம் இப்படி ஓடி நான் பாத்ததில்ல. குகைக்குள்ள அந்த ஆழம் இருக்கே, அது அஞ்சரை இஞ்ச் போன்ல வராது. இன்னொண்ணு 'கொட்டுக்காளி', பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, சூரியும் அன்னா பென்னும். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காத்து, சேவல், ஆளுங்க மூச்சு, இவ்வளவு தான், இருட்டுல உக்காந்து கேட்டா உடம்பு சிலிர்க்கும். வீட்டுல குக்கர் விசில் அடிச்சா படமே போச்சு. இது எல்லாருக்கும் இல்ல, பொறுமையா பாக்குறவங்களுக்கு, முடிவ நம்ம கைல விட்டுட்டுப் போறத ஏத்துக்கறவங்களுக்கு மட்டும். அது 2024 ஆகஸ்ட் 23 வந்தது, மாரி செல்வராஜோட 'வாழை'யும் அதே நாள். சின்ன வயசுல வேலைக்குப் போன அப்பாமார் இருந்தா 'வாழை'ய சொல்லுங்க, ஆனா தனியா அனுப்பாதீங்க, கூடப் போங்க.

மாசக் கடைசில காசு இல்லாம முழிக்கிற கல்யாணம் ஆன பசங்களுக்கு 'குடும்பஸ்தன்', மணிகண்டன், கோயம்புத்தூர் பேச்சு, சிரிச்சுக்கிட்டே வயித்துல புளியக் கரைக்கும். வீடு வாங்கணும்னு இஎம்ஐ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கற வீட்டுக்கு '3 பிஹெச்கே'. கபடி பிடிக்கும்னா, இல்ல தென் மாவட்டத்துக் கதை பிடிக்கும்னா 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்'.

புதுசு எதுவும் பிடிக்கல, யாரும் சொல்லவும் இல்லன்னா ரீ-ரிலீஸ் ஒண்ணு இருக்கு. 2024 ஏப்ரல்ல 'கில்லி' இருபது வருஷம் கழிச்சு திரும்ப வந்தப்ப தியேட்டர் புதுப் படம் மாதிரி நெறஞ்சுச்சு. தெரிஞ்ச படம், தெரிஞ்ச பாட்டு, பிடிக்காமப் போகும்ங்கற பயமே இல்ல, தியேட்டர் பழக்கம் விட்டுப்போனவங்கள திரும்ப இழுக்க அது நல்ல வழி. உலகப் படம் பாக்கணும்னு ஆசை இருந்தா டிசம்பர்ல சென்னை சர்வதேச திரைப்பட விழா 2003லருந்து நடக்குது, ஒரு பாஸ் எடுத்தா நாள் முழுக்கப் பாக்கலாம்.

சொல்ற விதத்துல இன்னும் ரெண்டு விஷயம். ஸ்கிரீன வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க, டைட்டில் கார்டு தானேன்னு நெனைக்கலாம், 2023ல வந்த சட்டத் திருத்தத்துல தியேட்டர்ல படத்தப் பதிவு பண்ணித் திருட்டுத்தனமா விடுறதுக்கு கொறஞ்சது மூணு மாச ஜெயிலும் மூணு லட்சம் அபராதமும் இருக்கு, அது மட்டும் இல்ல, முன்னாடி ஒருத்தர் போனத் தூக்கினா பின்னாடி மூணு வரிசைக்கு அந்த வெளிச்சம் கண்ணக் குத்தும். டிக்கெட்ட போட்டோ எடுத்துப் போடுங்க, அதுல தியேட்டர் பேரும் ஷோ நேரமும் இருக்கும், பாக்குறவங்களுக்கும் அது தான் வேணும். அப்புறம், ஸ்டேட்டஸ் மட்டும் போட்டா யாரும் போகமாட்டாங்க. ரெண்டு பேருக்கு போன் பண்ணுங்க. "இந்தத் தியேட்டர், இந்த ஷோ, வாசல் நடுவுல, படி கம்மி, ரெண்டே கால் மணி நேரம், அழுக இருக்கு ஆனா தாங்கலாம்" இவ்வளவும் சொல்லிட்டா அவங்களுக்கு யோசிக்க ஒண்ணும் மிச்சம் இல்ல, கிளம்பிடுவாங்க. பிடிக்கலன்னா அதையும் சொல்லுங்க, எதனால பிடிக்கலன்னு சேத்துச் சொல்லுங்க, அடுத்த தடவ நீங்க நல்லா இருக்குன்னு சொல்றப்ப நம்புவாங்க.

அன்னிக்கு 'டூரிஸ்ட் ஃபேமிலி' முடிஞ்சு லைட் போட்டதும் அம்மா உடனே எழுந்திரிக்கல, முட்டி வலியோன்னு பயந்து குனிஞ்சு பாத்தேன், கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்கு வர்ற வழில ஒண்ணும் பேசல. செருப்பக் கழட்டினதும் செங்கல்பட்டுல இருக்கற சித்திக்கு போன் போட்டாங்க. "ஒரு இலங்கைக் குடும்பம் போட்ல வந்து இங்க ஒரு தெருவுல குடியேறும்டி, அந்தத் தெருவுல யாரும் யாரோடவும் பேசமாட்டாங்க, இவங்க வந்து எல்லாரையும் பேச வச்சிருவாங்க, நம்ம பழைய தெரு மாதிரி, நீயும் அவரும் நாளைக்கே போங்க, ஓரமா உக்காருங்க, இவ என்ன நடுவுல உக்கார வச்சிட்டா." சித்தி மறுநாளே போனாங்க. சித்தி அவங்க எதிர் வீட்டுக்குச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை அந்த எதிர் வீட்டு அம்மா, எனக்கு முகமே தெரியாது, சித்தி போன்ல இருந்து எங்க அம்மாகிட்ட அரை மணி நேரம் படத்தப் பத்திப் பேசினாங்க, போன வைக்கிறப்ப "அடுத்தது என்னங்க பாக்கலாம்"னு கேட்டாங்களாம்.